துணிக்கொடிக்கு நட்ட முருங்கை

காலை ஒன்பது மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது மதிலுக்கு வெளியே நீண்டிருந்த முருங்கைக் கிளை. அதன் கீழே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு பெண் தொரட்டியால் காய் பறித்துக்கொண்டிருந்தார். மதிலின் மேல் பதித்த கண்ணாடிச் சில்லுகள் இன்னும் அப்படியே இருந்தன. தொரட்டி அவற்றில் உரசும்போதெல்லாம் கிறீச்சென்று சத்தம் வந்தது. எங்கள் ஆட்டோ நின்றதும் அந்தப் பெண் திரும்பி, “உங்களுக்கும் ரெண்டு போடட்டுமா சார்?” என்றார், சொந்த வீட்டு மரம் போல.

என் அக்கா ஆட்டோவிலிருந்து இறங்காமலேயே தலையை வெளியே நீட்டி மரத்தைப் பார்த்தாள்.

“இவ்ளோ பெருசாயிருச்சா.”

“அந்தம்மாகிட்ட தொரட்டி இருக்கு. இங்கயே ஒரு கொம்பு ஒடிச்சு வாங்கிக்கலாம். இதே ஆட்டோவுல தாம்பரம் திரும்பிடலாம்,” என்றேன்.

“வெளிய நின்னு எடுத்தா திருட்டுடா. உள்ள போய் எடுத்தா என் மரம்.”

ஊர் வழக்கம் இதற்கு நேர்மாறு. மதிலைத் தாண்டி வந்த காய் தெருவுக்குச் சொந்தம் என்பதை எங்கள் புறநகரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குரோம்பேட்டையில் என் வீட்டு முருங்கையில் தெருப்பக்கக் கிளையின் காயை நான் சாப்பிட்டதே கிடையாது. அக்காவுக்கும் இது தெரியும். நாற்பது வருடங்களுக்கு மேல் கிழக்குத் தாம்பரத்தில் இருப்பவள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. பள்ளிக்கூடத்தில் சமூகவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவளோடு உரிமை பற்றி வாதாடுவது வீண்.

அது ஒரு பழைய கிளைச் சிறை. தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து விலகி, பழைய தாலுகா அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் செங்கல்லால் கட்டிய நாற்சதுரக் கட்டடம், நடுவே முற்றம். கைதிகளை வேறிடத்துக்கு மாற்றிப் பல வருடங்கள் பூட்டிக் கிடந்தது. இப்போது ஒரு தனியார் நிறுவனம் பராமரிப்பை எடுத்து, முற்றத்தைத் தோட்டமாக்கி, சனி ஞாயிறுகளில் மக்களைக் குழு குழுவாக உள்ளே விடுகிறது.

அக்கா அங்கே கைதியாக இருந்தவள்.

ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்த வருடம் அது. மறியலில் கைதானவர்களில் ஆண்களை எங்கெங்கோ அனுப்பினார்கள். பெரிய சிறையில் இடம் இல்லை என்று பெண்களில் ஒரு பகுதியை வேனில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். அக்கா தலைவர் அல்ல, பேச்சாளரும் அல்ல. ஓய்வறையில் எல்லோரும் கிளம்பினார்கள், இவளும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவளோடு அறையில் இருந்தவர்களில் ஒருவர் அதே பள்ளியின் தாவரவியல் ஆசிரியை. அவரை இன்றைக்கும் அக்கா ‘பாட்டனி டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறாள். இப்போது அவர் கோவிலம்பாக்கத்தில் மகளோடு ஒரு அடுக்குமாடியில் இருக்கிறார். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனபின் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார்.

அந்த மகள்தான் போன வாரம் இந்தத் தோட்டத்துக்கு வந்து, முருங்கையைப் படம் எடுத்து அம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். அடிமரத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு பெருக்கல் குறி. விசாரித்ததில், திங்கட்கிழமை மரத்தை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. பாட்டனி டீச்சர் உடனே அக்காவுக்கு போன் செய்தார். மழைக்கு முன்னால் அந்த மரத்திலிருந்து ஒரு போத்து வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. போத்து என்றால் நடுவதற்காக வெட்டும் கொம்பு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம்.

ஆகவே சனிக்கிழமை காலை, முதல் குழுவோடு உள்ளே போக, நானும் அக்காவும் வாசலில் நின்றோம்.

சிறைக்கு ஒரு பெரிய மரக்கதவு, அதில் ஆள் குனிந்து நுழைய ஒரு திட்டிவாசல். பெரிய கதவு மூடியே இருந்தது. திட்டிவாசல் அருகே நீலச் சட்டை போட்ட காவலாளி நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

“குனிஞ்சி வா மேடம், தலை இட்ச்சிக்கப் போவுது.”

“தெரியும்பா. பழைய ஆளுதான்.”

“போன வாரம் வந்துகிறீங்களா?”

“இல்லப்பா. இருபது வருஷத்துக்கு மேல ஆவுது.”

“அப்போ இது ஜெயிலா இல்ல இருந்துச்சு?”

“ஆமா.”

காவலாளி அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளைப் பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி, தோளில் ஞாயிற்றுக்கிழமை பைபிள் வைத்து எடுத்துப்போகும் துணிப்பை.

“இன்னா கேஸு?”

“ஸ்ட்ரைக்கு.”

“அதானே பாத்தேன். பரவால்ல, வா.”

அக்கா குனிந்து உள்ளே போனாள். பின்னால் நானும்.

குழுவில் அதிகம் பேர் இல்லை. மேடவாக்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி, பள்ளிக்குப் போகும் மகளோடு. மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மாள், கையில் பெரிய கட்டப்பை. அவர் தூரத்து உறவில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், முகூர்த்தம் முடிந்து நேரம் இருந்ததால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்திருந்தார். கல்லூரி மாணவர்கள் சிலர். வழிகாட்டியாக ஒரு இளம்பெண், காதோரம் சின்ன மைக், இடுப்பில் ஒலிபெருக்கி. பாடத்தை ஒப்பிப்பது போல் இல்லாமல் நன்றாகப் பேசினாள்.

முற்றத்தை நான் முன்பு பார்த்ததில்லை. உறவினர்களை அந்தக் காலத்தில் வாசலிலேயே நிறுத்திப் பேசவிட்டார்கள். இப்போது புல்தரை, சிவப்புக்கல் நடைபாதை, ரோஜாப் பாத்திகள், நந்தியாவட்டை, செம்பருத்தி, துளசி மாடம். கைதிகள் குளித்த தொட்டியில் அல்லி மிதந்தது. ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை. சுற்றிலும் கம்பிக் கதவு போட்ட அறைகள். ஒன்றில் மட்டும் கோடுபோட்ட உடையில் ஒரு கைதி பொம்மை குந்தியிருந்தது. முகத்தில் மீசை. பெண் கைதி பொம்மை எங்கும் இல்லை. இலை, பூ, காய் பறிக்கக் கூடாது என்று இரண்டு இடங்களில் எழுதியிருந்தது.

“இந்த ரோஸ் கார்டனை அந்தக் காலத்துல இங்க இருந்த ஒரு பிரிட்டிஷ் அதிகாரியோட மனைவி ஆரம்பிச்சு வெச்சாங்கன்னு சொல்றாங்க,” என்றாள் வழிகாட்டிப் பெண்.

“ரோஜாவா? இங்க வெறும் மண்ணுதாம்மா இருந்துச்சு. நடந்தா புடவை கரையெல்லாம் செம்மண்ணு,” என்றாள் அக்கா.

பெண் சிரித்துச் சமாளித்தாள். “நடுவுல அழிஞ்சு போயிருக்கலாம் ஆன்ட்டி. இப்ப ரெஸ்டோர் பண்ணியிருக்காங்க.”

தெற்கு மதிலின் மூலைக்கு வந்தோம். முருங்கைக்குப் பெயர்ப்பலகை இல்லை. சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது. அடிமரம் இரண்டு கைகளாலும் கட்டிப்பிடிக்கும் அளவு, முடிச்சு முடிச்சாக. பலமுறை வெட்டுப்பட்டுத் துளிர்த்த மரத்துக்குத்தான் அந்த உடம்பு வரும்.

“இது ஹெரிடேஜ் பிளான்ட் கிடையாது. ஏதோ பறவை போட்ட விதையில தானா முளைச்சது. மழை வந்தா கம்பளிப்பூச்சி ஜாஸ்தி, போன வருஷம் ஒரு குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிச்சிருச்சு. அதனால திங்கட்கிழமை ரிமூவ் பண்ணிட்டு, இங்க ஒரு செல்ஃபி பாயின்ட் வருது.”

“பறவை இல்லம்மா. டீச்சர்,” என்றாள் அக்கா.

“சொல்லுங்க ஆன்ட்டி?”

“இத நட்டது ஒரு டீச்சர். நான்தான்.”

மைக் போட்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள். கல்யாணத்துக்கு வந்த அம்மாள் கட்டப்பையைக் கீழே வைத்தார். அக்கா வகுப்பு எடுப்பது போலவே சொன்னாள், குரலை உயர்த்தாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

மாற்றுப் புடவை இல்லாமல் வந்தவர்கள் அவர்கள். வீட்டிலிருந்து புடவை வந்தபின் துவைத்ததைக் காயப்போடக் கயிறு கேட்டார்கள். சிறைக்குள் கயிறு தரக் கூடாது என்று பெண் வார்டர் மறுத்தார். கயிறு இருந்தால் யாராவது தூக்குப் போட்டுக்கொள்வார்களாம். “ஆறு கஜம் புடவையைக் கையில குடுத்துட்டு, கயிறு குடுத்தா ஆபத்துங்கறீங்களே?” என்று கணக்கு டீச்சர் கேட்டார். வார்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலை, காற்றில் ஒடிந்து விழுந்த இரண்டு முருங்கைக் கொம்புகளைத் தன் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து இழுத்து வந்து கொடுத்தார். அவற்றை நட்டு, நடுவில் ஒரு பழைய புடவையை முறுக்கிக் கட்டினால் கொடி தயார்.

எந்த முனை கீழே என்பதில் தகராறு. ஈரத்துணியின் கனம் மேலே விழும், ஆகையால் தடித்த முனைதான் மேலே இருக்க வேண்டும் என்றார் பாட்டனி டீச்சர். தன் கொம்பை அப்படியே நட்டார். அக்கா யோசிக்கவில்லை. எங்கள் அம்மா வேலிக்கு நடும்போது தடித்த முனையைத்தான் மண்ணில் விடுவார், இவளும் விட்டாள். ஓய்வறையில் ஒளிச்சேர்க்கை பற்றி யாரையும் பேசவிடாத பாட்டனி டீச்சரின் கொம்பு சில நாட்களில் காய்ந்து விறகானது. சமூகவியல் டீச்சரின் கொம்பில் பச்சைப் பொட்டு வைத்தது போல் துளிர் வந்தது.

“அந்தம்மா இன்னும் ஒத்துக்க மாட்டாங்க. கொடிக்கம்பத்துக்கு அதான் சரியான முறைம்பாங்க,” என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். மேடவாக்கத்துச் சிறுமி மட்டும் மரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

கதையில் அக்கா விட்டுவிட்ட ஒரு பகுதி எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் வாசலில் நின்றிருந்தேன். வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்டு, இனி கலந்துகொள்ள மாட்டேன் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் வெளியே வந்துவிடலாம் என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது. சிலர் போட்டார்கள். அவர்கள் வீட்டில் என்ன நிலைமையோ, அவர்களை நான் குறை சொன்னதில்லை, அக்காவும் சொன்னதில்லை. எங்கள் அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர், வம்பு தும்புக்குப் போகாதவர். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, “போட்டுட்டு வந்துரும்மா. ரெண்டு வரிதானே,” என்றார். அக்கா உள்ளே முற்றத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “துணி இன்னும் காயலப்பா,” என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நாங்கள் மின்சார ரயில் பிடித்து வீட்டுக்கு வந்தோம். தாம்பரம் தாண்டியதும் அப்பா, “அவ எந்தத் துணியைச் சொன்னா?” என்று கேட்டார்.

அப்போது நான் ஒரு பத்திரிகையில் செய்தி மேசையில் இருந்தேன். ‘ஆசிரியைகள் சிறையில் அடைப்பு’ என்று ஒற்றைப் பத்தியில் வந்தது. தலைப்பு நான் போட்டதல்ல. போட்டிருந்தாலும் அதையேதான் போட்டிருப்பேன். கடைசியில் அவர்கள் ஜாமீனில் வந்தார்கள், பிறகு வேலையும் திரும்பக் கிடைத்தது. அக்கா கையெழுத்து மட்டும் போடவில்லை.

தோட்டத்தின் மேலாளர் வந்தார். முப்பது வயதுக்குள்தான். கையில் வாக்கி டாக்கி, கழுத்தில் அடையாள அட்டை. அக்கா என்ன வேண்டும் என்று நேராகவே சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டார்.

“கதை ரொம்ப நல்லாருக்கு மேடம். ஆனா ஒரு இலை கூட வெளிய போகக் கூடாது. எங்க பாலிசி.”

“திங்கட்கிழமை வெட்டத்தானே போறீங்க?”

“ஆமா.”

“வெட்டினதுக்கு அப்புறம் ஒரு கொம்பு குடுங்க. நான் வெளியில நிக்கிறேன்.”

“அதுவும் முடியாது மேடம். வெட்டினதெல்லாம் உள்ளயே உரக் குழிக்குப் போகணும். கான்ட்ராக்ட்ல இருக்கு.” கொஞ்சம் யோசித்தார். “கடையில நல்ல செடியெல்லாம் தொட்டியோட வெச்சிருக்கோம். துளசி இருக்கு.”

“நான் சர்ச்சுக்குப் போறவ தம்பி.”

“ரோஸ் இருக்கு.”

அக்கா அந்த யோசனையைக் கண்டுகொள்ளவில்லை. “மரத்தை எப்படி எடுக்கப் போறீங்க?”

“அதெல்லாம் மெஷின் வெச்சு கீழ வரைக்கும் வெட்டிருவாங்க. அதோட முடிஞ்சிரும்.”

அக்கா என்னைப் பார்த்தாள். அடியோடு வெட்டினாலும் முருங்கை துளிர்க்கும் என்று சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். வாசலிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த காவலாளியும் வாயைத் திறக்கவில்லை. வேறு பக்கம் திரும்பி மீசையை நீவிக்கொண்டார்.

பிறகு அவர் என் அருகே வந்து மெல்லிய குரலில், “சார், நான் கொஞ்சம் டீ குட்ச்சிட்டு வர்றேன். அப்போ எட்த்துக்கினு போய்டுங்க. நான் பாக்கல,” என்றார். நல்ல மனிதர். நான் அதை அக்காவின் காதில் போட்டேன்.

“அவர் பாக்கணும்,” என்றாள்.

அவள் போன் அடித்தது. பாட்டனி டீச்சர். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவாள். ஆகையால் தோட்டம் முழுக்கக் கேட்டது.

“டீச்சர், போத்து கெடச்சுதா?”

“குடுக்க மாட்டேங்கறாங்க டீச்சர். பாலிசியாம்.”

“என்ன பாலிசி? நம்ம பாலிசி கேட்டாங்களா? நல்ல முத்தின கொம்பா எடுங்க. கை கனம் இருக்கணும். இளசா எடுத்தா அழுகிடும்.”

“எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்கு என்ன தெரியும்? அன்னைக்கு ஏதோ குருட்டாம்போக்குல வந்துச்சு. இந்தத் தடவை நான் நடுறேன்.”

“தடிச்ச முனை கீழ டீச்சர்.”

“வைங்க போனை,” என்றார் பாட்டனி டீச்சர்.

அக்கா போனைப் பையில் போட்டாள். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு முற்றிய கிளை வளைந்திருந்தது. அதை இரண்டு கைகளாலும் பிடித்து உடம்பின் எடையைக் கொடுத்தாள். முருங்கை ஒடிவதற்குப் பெரிய பலம் தேவையில்லை. படக்கென்ற சத்தம் நான்கு சுவர்களிலும் பட்டுத் திரும்பியது.

“பழையபடி வேதாளம் முருங்கை மரம் ஏறிருச்சு,” என்றேன்.

“பிள்ளைங்களை ஒரு நாளும் அடிச்சு வளக்கலை. முருங்கையை ஒடிச்சுத்தான் வளக்கணும்,” என்றாள். மேலாளரிடம் திரும்பி, “தம்பி, நான்தான் ஒடிச்சேன். பாத்துட்டீங்க இல்ல?” என்றாள்.

மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கத்தவில்லை, அதை அவருக்குச் சாதகமாகவே எழுத வேண்டும். நாளைக்கு இன்னொருவர் ரோஜாச் செடியைப் பிடுங்கிக்கொண்டு போனால் தன் வேலை போகும் என்றார். அது உண்மைதான். பிறகு, உதவுகிற எண்ணத்தோடே ஒரு வழி சொன்னார்.

“மேடம், எனக்கு ஆபீஸ்ல காட்ட ஏதாவது வேணும். தெரியாம ஒடிச்சுட்டேன், மன்னிக்கணும்னு ஒரு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. கொம்பை நீங்களே எடுத்துட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்.”

இந்தக் கட்டடத்துக்குள் இரண்டாவது முறையாக அவளிடம் இரண்டு வரி கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

“தெரிஞ்சுதான் ஒடிச்சேன்,” என்றாள்.

“ஒரு ஃபார்மாலிட்டிதான் மேடம்.”

“அன்னைக்கும் அப்படித்தான் சொன்னாங்க.”

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். “நான் எழுதித் தர்றேன் சார். முப்பது வருஷமா எழுதறதுதான் தொழில்.”

“நீ ஒடிச்சியா?” என்றாள் அக்கா.

“இல்ல.”

“அப்ப நீ எதுக்கு மன்னிப்பு கேக்கற? பேனாவை உள்ள வை.”

வைத்தேன்.

“எழுதிக் குடுக்கலைன்னா கதவைத் திறக்க முடியாது மேடம். கொம்பை வெச்சுட்டுத்தான் போகணும்,” என்றார் மேலாளர்.

“சரி, திறக்காதீங்க.”

கிளையை இழுத்துக்கொண்டு அக்கா நடந்தாள். இலைகள் சிவப்புக்கல் பாதையைப் பெருக்கிக்கொண்டே போயின. மேற்கு வரிசையில் மூன்றாவது அறை. தேடவில்லை, நேராகப் போனாள். உள்ளே சிமென்ட் மேடை, மேலே சின்னக் கம்பி ஜன்னல். மேடையில் உட்கார்ந்து கிளையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வீட்டுக்குள் வந்தவள் மாதிரி இருந்தது.

“பூட்டிக்கோங்க. எனக்குப் பழக்கம்தான்.”

கல்லூரி மாணவர்கள் செல்போனை உயர்த்தினார்கள். மேலாளர் கையால் மறைத்தார், பிறகு விட்டுவிட்டார். பத்து நிமிடம் இருக்கும், யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். அந்த வேளையில் மடிப்பாக்கத்து அம்மாள் முருங்கை அருகே போய் நின்று மேலே பார்த்தார்.

“ஏன் தம்பி, இது மொத்தமும் குழியிலயா போடுவீங்க?”

“ஆமாங்க.”

“இவ்ளோ நல்ல கீரையை?”

“ரூல்ஸ்ங்க.”

“பாவம் இல்லையா?” என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தாழ்ந்த கிளையை இழுத்து, காம்போடு கொத்துக் கொத்தாக உருவிக் கட்டப்பையில் போட ஆரம்பித்தார். தாம்பூலத் தேங்காயும் வெற்றிலையும் இருந்த பையில் கீரை நிரம்பியது. மேடவாக்கத்துப் பெண் கணவனைப் பார்த்தாள். “அத்தைக்கு சுகருக்கு நல்லதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க இல்ல?” என்றாள். அவளும் போனாள். மகள் பின்னாலேயே ஓடினாள். உயரமான மாணவன் ஒருவன் மேல் கிளைகளை வளைத்துப் பிடித்துக்கொடுத்தான்.

“எல்லாரும் எழுதிக் குடுக்கணும்!” என்றார் மேலாளர்.

“எழுதறேன் தம்பி, என்ன எழுதணும்?” என்றார் கட்டப்பை அம்மாள். “பொரியலுக்கு எடுத்தேன்னு எழுதட்டுமா, அடைக்கு எடுத்தேன்னு எழுதட்டுமா? இன்னும் முடிவு பண்ணலை.”

வழிகாட்டிப் பெண் மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பி நின்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் துப்பட்டாவின் நுனியில் அவளும் ஒரு பிடி கட்டிக்கொண்டாள்.

எங்கள் தெற்குப் புறநகரில் இத்தனை வருடங்களில் நான் எத்தனையோ போராட்டங்களைப் பார்த்துச் செய்தி எழுதியிருக்கிறேன். தண்ணீருக்காக, சுரங்கப்பாதைக்காக, குப்பைக் கிடங்குக்கு எதிராக. கீரை வீணாகக் கூடாது என்று ஒன்று நடந்து பார்த்தது அன்றைக்குத்தான். யாரும் கோஷம் போடவில்லை. எல்லோருடைய கைகளும் வேலையாக இருந்தன.

மேலாளர் ஒரு ஓரமாகப் போய் யாருக்கோ போன் செய்தார். ‘வீடியோ’, ‘லேடீஸ்’, ‘சீனியர் சிட்டிசன்’ என்ற மூன்று சொற்கள் மட்டும் எனக்குக் கேட்டன. வெளியே அடுத்த குழு டிக்கெட்டோடு காத்திருந்தது. கதவை யாரோ தட்டினார்கள். அவர் திரும்பி வந்து அறை வாசலில் நின்றார்.

“மேடம், அடுத்த பேட்ச் வந்துருச்சு. நீங்க போகலாம்.”

“கொம்பு?”

“எடுத்துட்டுப் போங்க.”

“எழுதிக் குடுக்க மாட்டேன்.”

“வேணாம் மேடம்.” சற்றுத் தயங்கி, “எங்க அம்மாவும் டீச்சர்தான்,” என்றார்.

“அப்ப அவங்ககிட்ட கேட்டிருக்கணும் முதல்ல,” என்றாள் அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டு.

திட்டிவாசலில் இன்னொரு சிக்கல். கிளை அக்காவைவிட நீளம், பக்கக் கொம்புகள் வேறு. சிறிய வாசலில் அது நுழையாது.

“ரெண்டா வெட்டிடலாமா மேடம்? நம்மகிட்ட கத்தி கீது,” என்றார் காவலாளி.

போத்து எப்படியும் கை நீளம்தான் வேண்டும். இங்கே வெட்டினாலும் வீட்டில் வெட்டினாலும் ஒன்றுதான்.

“வீட்டுக்குப் போய் வெட்டிக்குவேன். பெரிய கதவைத் திறப்பா.”

“பெரிய கதவு பெரிய ஆபீஸருங்க வந்தாத்தான் மேடம்.”

“எனக்கு முட்டி வலி. குனிய முடியாது.”

காலையில் அவள் குனிந்துதான் வந்தாள். காவலாளிக்கும் அது ஞாபகம் இருந்திருக்கும். அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் வாக்கி டாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவலாளி தாழ்ப்பாளைத் தோளால் முட்டி மேலே தள்ளினார். துரு உதிர்ந்தது. ஒரு பாதிக் கதவு மண்ணைக் கீறிக்கொண்டு திறந்தது. வெளியே காத்திருந்தவர்கள் யாரோ முக்கியமானவர் வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அக்கா கிளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிமிர்ந்தபடி வெளியே வந்தாள். பின்னால் கீரைக்கட்டுகளோடு மற்றவர்கள்.

ஆட்டோக்காரர் கிளையைப் பார்த்து, “இன்னாக்கா, மரத்தையே பேத்துக்கினு வந்துட்டியா?” என்றார். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஜி.எஸ்.டி. சாலை வழியாகத் தாம்பரம் வந்தோம். பக்கத்தில் வந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு நான்கு இலைக்கொத்துகளை உருவிக்கொண்டு போனது. அக்கா தடுக்கவில்லை. அது தெருவுக்கு நீண்ட கிளை.

அன்று மாலையே இரண்டு போத்துகள் நட்டோம். ஒன்று அக்கா வீட்டுப் பக்கவாட்டில். இன்னொன்றைக் கோவிலம்பாக்கத்துக்கு எடுத்துப் போனேன். அடுக்குமாடியின் மதிலோரம் கொஞ்சம் மண் இருந்தது. பாட்டனி டீச்சர் வாக்கரைப் பிடித்தபடி நின்று குழியின் ஆழம் சொன்னார். வெட்டிய மேல்முனை காயாமல் இருக்கச் சாணி அப்ப வேண்டும் என்றார். மேடவாக்கம் சாலையில் மாட்டுக்குப் பஞ்சமில்லை, மகள் ஒரு கவரில் கொண்டுவந்தாள். போத்தை மண்ணில் இறக்கும் முன் அவர் அதைக் கையில் வாங்கி, ஒரு முனையைத் தடவினார், மறுமுனையைத் தடவினார், மறுபடி முதல் முனைக்கு வந்தார்.

“இதுதானே தடிப்பு?”

“ஆமா டீச்சர்.”

“அவங்ககிட்ட சொல்லாதீங்க, நான் கேட்டேன்னு.”

அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் அந்தச் சிறைக்குப் போனேன். திட்டிவாசலில் குனிந்து நுழைந்தேன். ரோஜாக்கள் இருந்தன, அல்லி இருந்தது. தெற்கு மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய இரும்புச் சட்டம் நிறுத்தியிருந்தார்கள், அதற்குள் நின்று இருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டத்துக்குப் பின்னால் முருங்கையை முழங்கால் உயரத்துக்கு வெட்டியிருந்தார்கள். வேரைத் தோண்டவில்லை.